தச்சரின் கூலியும் சூதாட்ட மேசையும்

முகப்பேர் ஏரித் திட்டப் பகுதியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு இஷா தொழுகை முடிந்த பின்னும் வீடு திரும்பாமல் பள்ளிவாசல் தூணோரம் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் நம்மிடம் வந்து ஸலாம் சொன்னார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். "ஹஜ்ரத், இதுக்கு ஒரு மஸ்அலா சொல்லணும்" என்றார்.

தாளில் ஒரு மேசையின் படம். எட்டடி நீளம், நான்கடி அகலம். அதாவது ஒரு முழுப் பிளைவுட் பலகையின் அளவு. நடுவில் நேராகவும் இரு முனைகளிலும் அரைவட்டமாகவும் அறுக்க வேண்டும். உயரம் 30 அங்குலம். இரண்டாவது பலகையிலிருந்து ஐந்து அங்குல அகலத்தில் ஒரு வளையம் வெட்டி, அதன்மேல் ஃபோம் வைத்து, ரெக்சின் இழுத்து அடியில் பின் அடிக்க வேண்டும். ஆடுபவர்கள் முழங்கையை ஊன்றிக்கொள்வதற்கு அது. உள்பகுதிக்கு மெல்லிய ஃபோமும் பச்சைத் துணியும். சுற்றிலும் தம்ளர் வைக்கப் பத்துக் குழிகள். ஒரு பக்கம் வில்லைகளை அடுக்கி வைக்க ஒரு தட்டு. அதன் அருகே விரல் நீளத்தில் ஒரு துளை. அந்தத் துளைக்கு அடியில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி.

"சாப்பாட்டு மேசைன்னுதான் ஹஜ்ரத் ஒத்துக்கிட்டேன். 15,000 ரூபாய் முன்பணம் வாங்கிப் பலகையும் எடுத்து, பெரிய துண்டை அறுத்தும் முடிச்சிட்டேன். அப்புறம்தான் இந்தப் படத்தை அனுப்பினார். 'துளை எதுக்கு சார், உண்டியலா'ன்னு கேட்டேன். சிரிச்சார். 'போக்கர் டேபிள் பாய். கைபேசியில ஆடினது நின்னு போச்சு. இனிமே சனிக்கிழமை ராத்திரி நம்ம வீட்டிலதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் வீட்டுக்கு ஒரு பங்கு, அந்தத் துளையில விழும்'னு சொன்னார்."

நாம் யோசிக்கவே இல்லை. "சூதாட்டம் ஹராம், அதற்குத் துணை போவதும் ஹராம், வேலையை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டோம். சொல்வதற்கு நமக்கு என்ன செலவு? அவர் முகம் வாடிப்போயிற்று. சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "மரத்துல என்ன பாவம் ஹஜ்ரத்? நான் ஆடப் போறதில்லையே? பலகை அறுத்தாச்சே, முன்பணத்தை எங்கிருந்து கொடுப்பேன்?"

மூன்று கேள்விகள். மூன்றுமே நியாயமான கேள்விகள். அன்றிரவு நாம் வீடு சென்று கிதாபுகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதில் கண்டதையும் அதற்குப் பின் நடந்ததையும் இங்கே எழுதுகிறோம். மரவேலை செய்பவருக்கு மட்டுமன்று, கையால் உழைத்துப் பிழைக்கும் நம் வீடுகள் அனைத்திற்கும் இது ஒரு நாள் தேவைப்படலாம்.

திறமை என்னும் வாதம்

முதலில் போக்கர் சூதாட்டம்தானா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மேசை கேட்டவர் தச்சரிடம், "இது சூது இல்லை பாய், திறமை ஆட்டம். கோர்ட்டே சொல்லியிருக்கு" என்றும் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை.

1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மி ஆட்டம் பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் சூதாட்டப் பட்டியலில் சேர்த்தது; 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அவ்விரண்டும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கைபேசியில் ஆடியது நின்று போனதாக அவர் சொன்னது இதைத்தான்.

நாட்டின் சட்டத்திற்கு நாம் கட்டுப்பட்டவர்கள். ஆனால் சட்டத்தின் தராசு காலத்துக்குக் காலம் மாறுவதை நம் மாநிலமே கண்டிருக்கிறது. 1968-இல் அரசே லாட்டரி தொடங்கியது; 2003-இல் அரசே அதைத் தடை செய்தது. ஷரீஅத்தின் தராசு வேறு. 'இதில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு' என்று அது கேட்பதில்லை. 'இருவரும் பணம் வைத்து, ஒருவர் இழப்பதால் மற்றவர் பெறுகிறாரா?' என்றே கேட்கிறது. அதற்குத்தான் ஃபிக்ஹில் 'கிமார்' என்று பெயர். குதிரையோட்டத்திலும் அம்பெய்தலிலும் திறமை இல்லையா? அவற்றில்கூட, போட்டியிடும் இருவரும் பணம் வைத்து வென்றவர் எடுத்துக்கொள்வதாக இருந்தால், கட்டுப்பாடுகள் இன்றி ஆகுமாக்கப்படவில்லை.

மேலும், போக்கரில் அந்தத் திறமைதான் என்ன? ஒவ்வொருவரிடமும் மறைத்துவைத்த இரண்டு சீட்டுகள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. கையில் ஒன்றுமே இல்லாதவர், நிறைய இருப்பவர்போல் பணத்தைத் தள்ளி, எதிரில் இருப்பவரை அச்சுறுத்தி விலகச் செய்வது அந்த ஆட்டத்தின் பெரிய கலை. நிறைய இருப்பவர், ஒன்றும் இல்லாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு மற்றவரை உள்ளே இழுப்பது மற்றொரு கலை. பழகப் பழகத் தேர்ச்சி வரும் என்பது உண்மையே. அடுத்தவரைத் தவறாகக் கணிக்க வைத்து அவர் பணத்தை எடுப்பதில் வரும் தேர்ச்சி அது. திறமை என்று பெயர் வைத்துவிட்டால் அது நற்குணமாகிவிடுமா?

அறியாமைக் காலத்து அரபிகள் ஆடிய மைஸிரில் பத்து அம்புகள் இருந்தன. ஏழுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறுமை. வென்றவர்கள் ஒட்டக இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தைக் குறித்துத்தான் அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம், அதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே, பயனைவிடப் பாவம் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 வசனங்கள் அதன் காரணத்தை விளக்குகின்றன: மதுவாலும் சூதாலும் மனிதரிடையே பகையையும் வெறுப்பையும் உண்டாக்கி, இறைதியானத்தையும் தொழுகையையும் மறக்கச் செய்யவே ஷைத்தான் விரும்புகிறான். நண்பர்களாகச் சனிக்கிழமை இரவு உட்காருகிறவர்கள், ஒருவர் வாடகைப் பணத்தை இன்னொருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கும்போது நண்பர்களாகவா எழுந்திருப்பார்கள்?

மரத்தில் என்ன பாவம்?

இனி தச்சரின் முதல் கேள்வி. மரத்தில் பாவம் இல்லை. இதில் நம் இமாம்களுக்கு ஐயமே இல்லை.

ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா'வில், கலகக்காரர்களுக்கு ஆயுதம் விற்பது வெறுக்கத்தக்கது என்று வருகிறது. ஆனால் அந்த வெறுப்பு ஆயுதத்தையே விற்பதற்குத்தான். தொழில் செய்தாலன்றி ஆயுதமாகாத இரும்பு போன்ற பொருளுக்கு அன்று என்று அவர்கள் பிரிக்கிறார்கள். அதற்கு உதாரணமாக, தடுக்கப்பட்ட இசைக்கருவியை விற்பது வெறுக்கத்தக்கது, அதற்கான மரத்தை விற்பது அப்படியன்று என்று மரத்தையே எடுத்துக் காட்டுகிறார்கள். நம் தச்சருக்காகவே எழுதி வைத்ததுபோல் இருக்கிறது.

ஆனால் அவ்விடத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: 'தொழில் செய்தாலன்றி'. மரம் விற்பவர் தப்பித்துக்கொள்வதற்குக் காரணம், மரத்திற்கும் கருவிக்கும் நடுவே ஒரு தொழிலாளியின் கை இருக்கிறது என்பதே. அப்படியானால் அந்த நடுக்கை யாருடையது? தச்சருடையது அல்லவா! பலகை விற்ற கடைக்காரருக்குக் கிடைக்கும் சலுகையைப் பலகையை அறுப்பவர் அப்படியே கேட்க முடியாது. இரும்பு எங்கே ஆயுதமாகிறதோ, மரம் எங்கே கருவியாகிறதோ, அந்த இடத்தில் நிற்பவர் அவர்.

இவ்விஷயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மது காய்ச்சுபவருக்குத் திராட்சைச் சாறு விற்பதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தடுக்கவில்லை. பாவம் சாற்றில் இல்லை, அது மாறிய பின் வாங்கியவர் தம் விருப்பத்தால் செய்வது என்பது அவர்களின் பார்வை. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் அதை வெறுத்தார்கள். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், வாங்குபவர் மது காய்ச்சவே வாங்குகிறார் என்று தெரிந்தால் விற்பது ஹராம். சந்தேகமாக இருந்தால் மக்ரூஹ்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது மூன்று மேசைகள் நம் கண்முன் வருகின்றன.

முதலாவது, சாதாரண மேசை. அதை வாங்கியவர் அதில் உணவருந்தலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம், சீட்டும் ஆடலாம். அது அவர் கணக்கு. தச்சரின் கூலியில் குறையில்லை. வாங்குகிறவர் வீட்டில் என்ன செய்வார் என்று துருவிக் கேட்பதும் தச்சரின் கடமையன்று.

இரண்டாவது, வடிவம் ஐயம் தருகிற மேசை. பச்சைத் துணியும் தம்ளர் குழிகளும் இருக்கின்றன. பொழுதுபோக்கா, பணம் வைத்தா என்று தெரியவில்லை. இங்கே ஒதுங்கிக்கொள்வது பேணுதல். செய்துவிட்டவரைப் பாவி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, துளையுள்ள மேசை. அந்தத் துளை வேறு எதற்கும் பயன்படாது. உணவருந்துபவருக்கு அது வேண்டாம். படிக்கும் பிள்ளைக்கு வேண்டாம். பணம் வைக்காமல் ஆடுபவருக்கும் வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்தின் பணத்திலிருந்தும் வீட்டுக்காரருக்குப் பங்கு விழுவதற்கென்றே அது வெட்டப்படுகிறது. அதன் நோக்கமும் தச்சரிடம் வாய்திறந்து சொல்லப்பட்டுவிட்டது. ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்ன அதே 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்புகூட, இடம் கொடுப்பவர் ஆட்டத்திலிருந்து ஆதாயம் பெற்றால் அது குற்றமாகலாம் என்று எச்சரித்திருக்கிறது. மேசை கேட்டவருக்குக் கோர்ட்டின் ஒரு பாதிதான் நினைவிலிருந்தது.

இந்த மூன்றாவது மேசையைத் தெரிந்துகொண்டே செய்வது ஆகாது என்பதே நம் முடிவு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் விரிவான கருத்தில் கூலிக்கு இடம் தேடுவோரும் இருக்கலாம். ஆனால் ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் பேணுதலுக்கு நான்கு படிகள் சொல்கிறார்கள். ஃபத்வாவால் தடுக்கப்பட்டதை விடுவது முதற்படி மட்டுமே; ஐயத்திற்குரியதை விடுவது அதற்கு மேற்படி. தெரிந்தே நோக்கத்தோடு துளை போடுபவர் முதற்படியிலாவது நிற்கிறாரா என்று தம் உள்ளத்தையே கேட்டுக்கொள்ளட்டும்.

அதேபோல, தெரியாமல் அறுத்த பலகைக்கு அவர் மீது குற்றமில்லை. அந்த உழைப்பு தூய உழைப்பே. இதையும் உரத்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மில் சிலர் ஹராம் என்ற சொல்லைப் பின்னோக்கியும் வீசி, ஏழையின் நேற்றைய சோற்றையும் கசக்கச் செய்துவிடுகிறார்கள்.

நான் ஆடவில்லையே?

"நான் ஆடப் போறதில்லையே?" என்பது அவரது இரண்டாவது கேள்வி. மது விஷயத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் குடிப்பவரோடு நிறுத்தவில்லை. பிழிபவர், பிழியச் சொல்பவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், வாங்குபவர், அதன் விலையை உண்பவர் என்று பத்துப் பேரைச் சபித்ததாக ஹதீஸ் வந்திருக்கிறது. பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவரே! ஒரு பாவம் தனியொருவரின் கையால் உண்டாவதில்லை. பல கைகள் அதைத் தூக்கி வருகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

"நான் செய்யலேன்னா இன்னொருத்தர் செஞ்சு கொடுப்பார்" என்றும் அவர் சொன்னார். உண்மை. இன்னொருவர் செய்தே கொடுப்பார். நாம் ஒதுங்குவதால் உலகத்தில் ஒரு சூதாட்ட மேசை குறைந்துவிடும் என்று மார்க்கம் நமக்கு வாக்குறுதி தரவில்லை. மறுமையில் நம்மிடம் கேட்கப்படுவது உலகத்தின் மேசைகளைப் பற்றியன்று, நம் உளியைப் பற்றி.

"அவர் நம்மவர் இல்லையே, அவருக்கு ஹலால் ஹராம் ஏது?" என்று சிலர் கேட்கக்கூடும். அவருடைய நம்பிக்கைக்கு நாம் நீதிபதியல்லர். ஆனால் அந்த மேசையில் பணத்தைத் தோற்றுவிட்டு வீடு திரும்புகிறவரின் மனைவியும் பிள்ளைகளும் படும் துன்பத்திற்கு மதம் ஏது? பக்கத்து வீட்டாருக்குத் தீங்கு வராமல் காப்பதும் நம் மார்க்கம்தானே?

ஓவியரிடம் இப்னு அப்பாஸ் (ரலி)

மூன்றாவது கேள்விதான் நம்மைத் தூங்கவிடவில்லை. முன்பணத்தை எங்கிருந்து கொடுப்பார்?

புகாரீ ஷரீஃபில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு மனிதர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து, தம் கைத்தொழிலே தமக்குப் பிழைப்பு, தாம் உருவங்களைச் செய்பவர் என்றார். உருவம் செய்பவர் அதற்கு உயிர் கொடுக்கும்படி வேதனை செய்யப்படுவார், அவரால் அது ஒருபோதும் ஆகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துச் சொன்னார்கள். கேட்டவருக்கு மூச்சு வாங்கியது, முகம் வெளிறியது. அத்துடன் அவர்கள் விட்டுவிடவில்லை. செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்துகொள் என்று அந்த மனிதருக்கு வழி காட்டினார்கள்.

சட்டத்தில் ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆனால் அந்த மனிதரின் கைத்தொழில் அவர் கையிலேயே இருந்தது. நாமோ தச்சரின் முகம் வாடியதைப் பார்த்தோம். அதற்குப் பின் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாம் சொன்ன சட்டம் சரிதான். சொன்ன விதம் அந்த மகானின் விதமன்று.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவரது பட்டறைக்குப் போனோம். அறுத்த பலகை சுவரில் சாய்ந்திருந்தது. வளைவு அழகாக வந்திருந்தது. "இதையே எட்டுப் பேர் சாப்பிடுகிற மேசையாக முடிக்கலாம் அல்லவா? அவரிடம் கேட்டுப் பாருங்கள்" என்றோம். கேட்டார். வந்த பதில்: "மரம்தான் பாய் உங்க வேலை; ஆட்டம் எங்க வேலை." முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார் அவர். அதில் அவர்மீது குறையில்லை, பணம் அவருடையது.

ஜமாஅத் பெரியவர்களிடம் பேசினோம். வட்டியில்லாக் கடனாக 15,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. மாதம் 1,500 வீதம் பத்து மாதத்தில் திருப்புவது என்று ஏற்பாடு. ஒரு பெரியவர் கேட்டார்: "ஒருத்தர் வேலையை விட்டதுக்கெல்லாம் ஜமாஅத் பணம் கொடுக்குமா?" நாம் சொன்னோம்: "விடச் சொன்னது நாம்தானே?"

ஹராம் என்று ஒரு சொல் சொன்னால் அதன் சுமை யாரோ ஒருவர் தோளில் போய் இறங்குகிறது. சொன்னவர் தோளில் அது இறங்குவதே இல்லை. கேட்டவர் தோளில்தான் இறங்குகிறது. அந்தச் சுமைக்கு ஒரு கை கொடுக்காத சமுதாயம், தன் தொழிலாளியிடம் பேணுதலை மட்டும் கேட்பது நியாயமாகுமா? தச்சரின் 15,000 ரூபாயைத் துருவிப் பார்க்கும் நாம், பள்ளிவாசலுக்கு விளக்கும் விரிப்பும் வாங்கித் தருபவரின் லட்சத்தை எந்த வழியில் வந்தது என்று கேட்டதுண்டா? கடை வாடகைக்கு விடுபவரிடம், உங்கள் கடையில் என்ன நடக்கிறது என்று கேட்டதுண்டா? 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓடிய இடங்கள் பலவற்றில் இன்று கணினி முன் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளை அவர்களிடம் ஒருவர் சூதாட்டச் செயலி எழுதக் கேட்டால், அதுவும் துளை வெட்டும் வேலைதானே? அந்தச் சம்பளத்தைப் பற்றியும் நாம் இதே குரலில் பேசுவோமா?

தச்சுத் தொழில் எளிய தொழிலன்று. ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. மஸ்ஜிதுந் நபவியில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏறி நின்ற மிம்பரை, மதீனாவின் காட்டு மரத்திலிருந்து செய்து கொடுத்தவர் ஒரு தச்சர். அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் பணியாள் அவர். அவர் பிடித்ததும் உளிதான், அறுத்ததும் மரம்தான்.

முகப்பேர்ப் பட்டறையில் அந்தப் பலகை சில வாரங்கள் சாய்ந்து கிடந்தது. வளைவை வெட்டியெடுத்து, மீதியில் ஒரு வீட்டுக்கு அலமாரித் தட்டுகள் செய்துவிட்டார். கொஞ்சம் நட்டம்தான். துளை போட்ட மேசையை அதே வட்டாரத்தில் வேறொருவர் செய்து கொடுத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டார். இதைச் சொல்லும்போது அவர் வருந்தவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. கடனில் மூன்றாவது தவணையைக் கட்ட வந்திருந்தார். கட்டிவிட்டு மக்ரிபு ஜமாஅத்தில் நம் பின்னால் நின்றார்.

வல்ல ரஹ்மான் நம் கைகள் செய்வதைத் தூய்மையாக்கி, நம் நாவு சொல்வதற்குரிய பொறுப்பையும் நாமே சுமக்கும் மனத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.